கல்யாணத்துக்குப் பின் வருமான வரி: இரண்டு பேர், இரண்டு பைல்

கல்யாணம் முடிந்து விருந்துக்குப் போய்வரும் நாட்களிலேயே வெளிநாட்டிலிருந்து ஓர் அண்ணாவோ சித்தப்பாவோ தொலைபேசியில் கேட்டுவிடுவார்: "வரிக்கு ரெண்டு பேரும் சேர்த்துக் காட்டப் போறியளோ, தனித்தனியோ?" அவர் இருக்கும் நாட்டில் அது நியாயமான கேள்வி. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ குடும்பம் நடத்தப்போகும் உங்களுக்கு அந்தத் தெரிவு கிடையாது.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி கணவன் ஒரு வரி செலுத்துனர், மனைவி இன்னொரு வரி செலுத்துனர். ஆளுக்கொரு டின் இலக்கம், ஆளுக்கொரு விவரத்திரட்டு. தையில் கல்யாணம் நடந்தாலும் ஆவணியில் நடந்தாலும் வரிக் கணக்கு மாறாது.

அப்படியென்றால் இந்த அத்தியாயம் எதற்கு? உங்கள் கையில் வேறொரு தெரிவு இருக்கிறது. எந்த வைப்பு யாருடைய பெயரில், எந்தக் காணி யாருடைய உறுதியில், எந்தக் கடை யாருடைய பதிவில் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள்தான். பெரும்பாலும் கல்யாணமாகி முதல் சில மாதங்களுக்குள், வரியைப் பற்றி யோசிக்காமலே அது தீர்மானமாகிவிடுகிறது. பிறகு மாற்றுவது செலவு. சில வேளை சிக்கலும்கூட.

தெரிந்திருக்க வேண்டிய எண்கள்

வரியாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடியும். 2025/26 வரியாண்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம் உண்டு. மாதக் கணக்கில் 150,000 ரூபா. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24, இன்னுமொரு 5 இலட்சத்துக்கு 30, மிச்சம் முழுவதற்கும் 36 சதவீதம்.

இந்த எண்களை மனப்பாடமாக்கி வருடக்கணக்கில் நம்பியிருக்க வேண்டாம். நிவாரணம் 2020 இல் 30 இலட்சமாக இருந்தது, 2023 இல் 12 இலட்சமாக இறங்கியது, 2025 ஏப்ரலில் 18 இலட்சமானது. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு சோடியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கணவர் கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 220,000 ரூபா சம்பளம் எடுக்கிறார். மனைவி முல்லைத்தீவில் ஆசிரியை, மாதம் 75,000 ரூபா. உதாரணத்துக்காக எடுத்த தொகைகள்தான். உங்களுடையதை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

கணவரின் ஆண்டுச் சம்பளம் 2,640,000. நிவாரணத்தைக் கழித்தால் 840,000. அதில் 6 சதவீதம் 50,400 ரூபா, அதாவது மாதம் 4,200. இதை நிறுவனமே சம்பளத்தில் கழித்துத் திணைக்களத்துக்குக் கட்டிவிடும். மனைவியின் ஆண்டுச் சம்பளம் 900,000. வரி இல்லை. அவருடைய நிவாரணத்தில் 9 இலட்சம் பயன்படாமல் கிடக்கிறது. அதைக் கணவரின் கணக்குக்கு மாற்ற முடிந்திருந்தால் அவரும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை. ஆனால் மாற்ற முடியாது. "மனுசிக்கு வரி வராதுதானே, அவவின்ரை கழிவை உங்கடை பைலுக்குப் போடுவம்" என்று யாராவது சொன்னால் அவரிடம் உங்கள் கடதாசிகளைக் கொடுக்காதீர்கள்.

இப்போது இருவரிடமும் சேர்ந்து 30 இலட்சம் ரூபா நிலையான வைப்பில் போட இருக்கிறது என்று வைப்போம். வட்டி 8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 240,000.

முழுவதும் கணவருடைய பணமாக, அவருடைய பெயரில் இருந்தால், அவருடைய வரிக்குரிய வருமானம் 1,080,000 ஆகும். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, மிச்ச 80,000 க்கு 18 சதவீதப்படி 14,400, மொத்தம் 74,400 ரூபா. வட்டியால் வந்த மேலதிக வரி 24,000.

ஆளுக்கு 15 இலட்சம் போட்ட கூட்டு வைப்பென்றால் வட்டியும் பாதிப் பாதி. கணவருக்கு 120,000 கூடும், வரி 57,600 ஆகும். மேலதிகம் 7,200 மட்டும். மனைவிக்கு 120,000 கூடினாலும் மொத்தம் 1,020,000 தான். வரி இல்லை.

முழுவதும் மனைவியின் பணம் என்றால், அதாவது பெற்றோர் கொடுத்த சீதனக் காசு, அவர் சேர்த்துவைத்தது, அவருக்கு வந்த அன்பளிப்பு என்றால், வட்டியால் இருவருக்கும் மேலதிக வரியே இல்லை.

ஒரே வைப்பு, ஒரே வட்டி. வித்தியாசம் 24,000 ரூபா. இதில் கவனம் வேண்டும். மனைவியின் பணத்தை மனைவியின் பெயரில் வைப்பது அவருடைய உரிமை. கணவரின் பணத்தை வரிக்காக மட்டும் மனைவியின் பெயரில் எழுதிவைப்பது வேறு கதை. வரியைக் குறைப்பதற்கென்றே வருமானத்தை நெருங்கியவர்களுக்குப் பிரித்துக் காட்டினால், அதை உரியவரின் கணக்கிலேயே திருப்பிச் சேர்க்க ஆணையாளர் நாயகத்துக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு.

முதல் மூன்று மாதங்களில் செய்ய வேண்டியவை

1. இருவரிடமும் டின் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். தேசிய அடையாள அட்டையின் இரு பக்கப் படமும், இப்போது இருக்கும் விலாசத்துக்கு மின்சாரப் பட்டியல் போன்ற அத்தாட்சியும் கையில் இருக்கட்டும். டின் எடுத்ததால் மட்டும் வரி கட்ட வேண்டி வராது. வருமானம் வரம்பைத் தாண்டினால்தான் வரி.

2. கல்யாணத்துக்குப் பின் பெயரையோ விலாசத்தையோ மாற்றினால் பழைய டின் இலக்கத்திலேயே விவரத்தைத் திருத்துங்கள். புதுப் பெயரில் இன்னொரு டின் எடுக்கவே வேண்டாம். ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் விவாகப் பதிவுச் சான்றிதழ், பிறகு அடையாள அட்டை, பிறகு டின், கடைசியாக வங்கி. இடையில் ஒன்றை விட்டால் வங்கியில் ஒரு பெயர், திணைக்களத்தில் ஒரு பெயர் என்று நின்று, பிடித்த வரியை மீளக் கேட்கும்போது இடிக்கும்.

3. வேலை செய்யும் இடத்தில் சம்பளக் கிளைக்குச் சென்று உங்கள் டின் இலக்கம் பதியப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஆசிரியர்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். ஒருவருக்கு இரண்டு இடத்தில் வேலை என்றால் எது முதன்மையான வேலை என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். நிவாரணம் ஓரிடத்தில்தான் கழிக்கப்படும்.

4. இருவரும் ஆளுக்கொரு பைல் கட்டுங்கள், கடதாசிப் பைலைத்தான் சொல்கிறேன். அவரவர் சம்பளத் துண்டு, ஆண்டு முடிவில் நிறுவனம் தரும் ரி-10 சான்றிதழ், வங்கி தரும் வட்டிச் சான்றிதழ், உறுதிப் பிரதிகள் எல்லாம் அதற்குள். ஐந்து ஆண்டுகளாவது வைத்திருங்கள்.

5. அன்பளிப்பு எழுதிய கொப்பியை எறியாதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

அன்பளிப்புக் கொப்பி

மண்டப வாசலில் மாமா ஒருவர் மேசை போட்டிருந்து, என்வலப்பைப் பிரித்துப் பெயரையும் தொகையையும் எழுதிய அந்தச் சிஆர் கொப்பி ஓர் ஆவணம். உறவினர் தந்த அன்பளிப்பு உங்கள் வருமானம் ஆகாது. ஆனால் கல்யாணம் முடிந்த கிழமை ஒரே நாளில் 12 இலட்சம் ரூபா வங்கிக்குப் போனால், பின்னொரு காலத்தில் "இது எங்கிருந்து வந்தது" என்று கேட்கப்படலாம். அதற்குப் பதில் அந்தக் கொப்பிதான்.

விவரத்திரட்டு அனுப்புபவர் மார்ச் 31 அன்று தன்னிடமுள்ள சொத்துகளையும் கடன்களையும் காட்ட வேண்டும். காணி, வீடு, வாகனம், வங்கி மிகுதி, நகை எல்லாம் அதில் வரும். ஆகவே கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் மார்ச் 31 க்கு முன் ஒரு மாலை இருவரும் உட்கார்ந்து பட்டியல் எழுதுங்கள்:

- தாலிக்கொடி, சங்கிலி, காப்பு: ஒவ்வொன்றும் எத்தனை பவுண், யார் போட்டது, பற்றுச்சீட்டு இருக்கிறதா.
- அன்பளிப்புக் காசு: மணமகள் பக்கம் எவ்வளவு, மணமகன் பக்கம் எவ்வளவு, எந்தக் கணக்கில் எந்தத் திகதியில் போடப்பட்டது.
- வெளிநாட்டு உறவுகள் அனுப்பியது: வங்கியூடாக வந்த துண்டுகள்.
- கல்யாணத்துக்காக வாங்கிய கடனும் அடகு வைத்த நகையும். இவற்றை எழுத மறப்பவர்கள்தான் அதிகம். சொத்தை எழுதிக் கடனை விட்டால், இல்லாத பணம் இருப்பதுபோல் தோன்றும்.

கொப்பியைக் கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்தும் வையுங்கள். மாரி வெள்ளம் ஒரு அலுமாரியை என்ன செய்யும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கூட்டுக் கணக்கு: எப்போது நல்லது, எப்போது இடைஞ்சல்

வீட்டுச் செலவுக்குக் கூட்டுச் சேமிப்புக் கணக்கு வசதியானது. அதில் வரும் வட்டி சிறிது. பெரிய தொகை போடும் நிலையான வைப்பில்தான் யோசிக்க வேண்டும். கூட்டாக வைத்திருக்கும் முதலீட்டின் வருமானம் அவரவர் பங்கின்படி பிரியும்; பங்கு இன்னதென்று தெரியாவிட்டால் சமமாகக் கொள்ளப்படும். ஒருவர் 20 இலட்சமும் மற்றவர் 10 இலட்சமும் போட்டிருந்தால் வட்டியும் இரண்டுக்கு ஒன்று என்றே காட்ட வேண்டும். என்னைக் கேட்டால், பங்கு சமமில்லாத இடத்தில் இரண்டு தனி வைப்புகள் போட்டுவிடுங்கள். ஒருவருக்கொருவர் பின்னுரித்தாளராகப் பெயர் கொடுத்தால் பாதுகாப்பும் கிடைக்கும்.

2025 ஏப்ரல் 1 முதல் வங்கி வட்டியில் 10 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. முன்பு 5 ஆக இருந்தது. இது கடைசி வரி இல்லை, உங்கள் கணக்கில் கழிக்கப்படும் முற்பணம். மொத்த வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர் இப்படிச் செய்யலாம்:

1. டின் இலக்கத்துடன் வங்கிக்குச் சென்று சுய உறுதியுரைப் படிவத்தைக் கேளுங்கள்.
2. சம்பளம், வட்டி, வாடகை, வயல், கடை எல்லாவற்றையும் கூட்டி, தொகை வரம்புக்குள்தான் என்று உறுதியான பிறகே ஒப்பமிடுங்கள்.
3. வரியாண்டு மாறும்போது திரும்பவும் கொடுக்க வேண்டுமா என்று ஏப்ரலில் அதே கிளையில் விசாரியுங்கள்.
4. கொடுக்கத் தவறி வரி பிடிபட்டிருந்தால் வட்டிச் சான்றிதழை எடுத்து, விவரத்திரட்டின் மூலம் மீளக் கேளுங்கள்.

கவனம்: எங்கள் உதாரணத்திலுள்ள ஆசிரியை இந்த உறுதியுரையைக் கொடுக்கலாம், கணவர் கொடுக்க முடியாது. கூட்டு வைப்பில் ஒருவர் வரம்புக்குள்ளும் மற்றவர் வெளியிலும் இருந்தால் அதை வங்கி அலுவலரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பொய்யான உறுதியுரை குற்றம்.

சீதன வீடும் புதிதாக வாங்கும் காணியும்

தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்குச் சீதனம் மனைவியின் தனிச் சொத்து. கல்யாணத்துக்குப் பின் விலைகொடுத்து வாங்குவது தேடியதேட்டம் என்ற வகைக்குள் வரலாம். இது சொத்துரிமை பற்றிய சட்டம். இதைக் காட்டி "எல்லாம் இருவருக்கும் பொது, ஆகவே வருமானத்தையும் ஒரே பைலில் காட்டலாம்" என்று சொல்ல முடியாது. வரிக்கு அவரவர் பங்கை அவரவர் பைலில்தான் காட்ட வேண்டும்.

வவுனியாவில் மனைவியின் சீதன வீட்டை மாதம் 30,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்று கொள்வோம். ஆண்டுக்கு 360,000. திருத்தவேலை முதலியவற்றுக்காக வாடகையில் 25 சதவீதம் கழிக்கலாம். மிச்சம் 270,000 மனைவியின் வருமானத்தில் சேரும். கணவர் போய் வாடகையை வாங்கி வந்தாலும் அது மனைவியின் வருமானம்தான். இங்கே நடக்கும் வழக்கமான பிழை, வாடகைக் காசு கணவரின் வங்கிப் புத்தகத்துக்குப் போவது. வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கையும் உறுதியிலுள்ள பெயரோடு ஒத்துவரச் செய்யுங்கள்.

புதுக்காணி வாங்கப் போகிறவர்கள் நொத்தாரிசிடம் போகுமுன் பேசி முடிவெடுக்க வேண்டியவை: யார் எவ்வளவு போடுகிறோம், உறுதியில் ஒரு பெயரா இரண்டு பெயரா, பங்கு எவ்வளவு. இருவரும் பணம் போடுகிறீர்கள் என்றால் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பெயர் மாற்றுவதற்கு முன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேட்காமல் எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். வரியில் மிச்சம் பிடிப்பதற்காக உறுதியை மாற்றி எழுதும் யோசனையை விட்டுவிடுங்கள். அதில் போகும் முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசு கட்டணமும் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

வயல், கடை, ரியூசன்

"வயலுக்கு வரி இல்லை" என்பது அண்மைக்காலம் வரை உண்மை. விளைச்சலைப் பதப்படுத்தாமல் விற்கும் கமச்செய்கை இலாபத்துக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு விலக்கு இருந்தது. 2024 மார்ச் 31 உடன் அது முடிந்தது. இரணைமடுவின் கீழோ முத்தையன்கட்டின் கீழோ இரண்டு மூன்று ஏக்கர் செய்பவருக்கு, விதைநெல், உரம், உழவு, வெட்டுக்கூலி எல்லாம் போக மிஞ்சுவது 18 இலட்சத்தைத் தொடாது. சம்பளமும் வயலும் ஒரே ஆளுக்கு இருந்தால்தான் சிக்கல். சிறுபோக நெல்லும் அதையடுத்து மாசி பங்குனியில் வெட்டும் காலபோக நெல்லும் ஒரே வரியாண்டுக்குள் விழும், இரண்டையும் கூட்டுங்கள். யார் செய்கை பண்ணுகிறாரோ அவருடைய வருமானம் அது. கமநல சேவை நிலையத்திலுள்ள பதிவும் நெல் விற்ற பற்றுச்சீட்டும் ஒரே பெயரில் இருந்தால் கேள்விக்கு இடமில்லை.

கடை ஒருவர் பெயரில் பதிந்திருந்தால் இலாபம் முழுவதும் அவருடையது. மற்றவர் பின்னேரங்களில் கல்லாவில் இருந்து உதவுவதால் பாதி அவருக்கு ஆகாது. உண்மையிலேயே இருவரும் முதல் போட்டு நடத்துகிறீர்கள் என்றால் பங்குடைமையாகப் பதியலாம். பங்குடைமைக்கு வேறாக டின் இலக்கமும் விவரத்திரட்டும் வேண்டும், இலாபம் பங்குப்படி இருவர் பைலுக்கும் வரும். சின்னக் கடைக்கு அந்த எழுத்துவேலை தேவையா என்பதை முதலில் யோசியுங்கள்.

ரியூசன் காசும் வருமானம்தான். பாடசாலைச் சம்பளத்தில் வரி பிடிபடாவிட்டாலும், ரியூசனும் சேர்ந்து 18 இலட்சத்தைத் தாண்டினால் ஆசிரியர் தானே விவரத்திரட்டு அனுப்பி வரி கட்ட வேண்டும்.

துணைவர் வெளிநாட்டில் என்றால்

வன்னியில் பல சோடிகளுக்கு விசா வரும்வரை ஒன்றிரண்டு ஆண்டுகள் இப்படித்தான் போகின்றன. கணவர் அங்கிருந்து வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் மனைவியின் வருமானம் ஆகாது. அதை வைப்பில் போட்டால் வரும் வட்டி மனைவியின் வருமானம். அனுப்பிய துண்டுகளைச் சேர்த்துவையுங்கள். உண்டியலில் வரும் பணத்துக்குத் துண்டு கிடையாது. துண்டு இல்லாததன் விலை காணி வாங்கும் நாளில் தெரியும்.

அங்கே அவர் எப்படிக் காட்ட வேண்டும் என்பது அந்த நாட்டின் சட்டம்:

- கனடாவில் ஆளாளுக்குத் தனி அறிக்கைதான். ஆனால் கல்யாணமானதை அடுத்த மாத முடிவுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். துணைவரின் வருமானத்தையும் எழுத வேண்டும். இங்கே நீங்கள் எடுக்கும் சம்பளத்தை அவருக்குச் சரியாகச் சொல்லுங்கள்.
- பிரித்தானியாவிலும் தனித்தனிதான். குறைந்த வருமானமுள்ள துணைவர் தன் வரிவிலக்குத் தொகையில் 1,260 பவுண்ஸை மற்றவருக்குக் கொடுக்க ஒரு திட்டம் உண்டு.
- பிரான்சில் கல்யாணமானவர்களுக்குக் கூட்டு அறிக்கைதான் பொதுவிதி. கல்யாணமான ஆண்டுக்கு மட்டும் தனித்தனியாகப் போடத் தெரிவு இருக்கிறது.
- ஜெர்மனியில் கூட்டு மதிப்பீட்டால் வரி நன்றாகக் குறையும், ஆனால் பொதுவாக இருவரும் அங்கே வாழத் தொடங்கிய பிறகுதான்.
- சேர்த்தா தனித்தா என்ற பெயர்பெற்ற தெரிவு அமெரிக்காவினுடையது. டிசம்பர் 31 அன்று கல்யாணமானவராக இருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் கல்யாணமானவரே.

"வருமானம் இல்லை" என்று அங்கே எழுதிவிட்டு, விசா விண்ணப்பத்தில் உங்கள் சம்பளத்தைக் காட்டுவது ஆபத்து. இரண்டு கடதாசியும் ஒரே உண்மையைச் சொல்ல வேண்டும்.

கொமினிகேசனில் படிவம் நிரப்புவோருக்கு

- பதிவில் உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் இருக்கட்டும். கடைக்காரரின் இலக்கத்தைக் கொடுத்தால் திணைக்களத்தின் செய்திகள் அவருக்குப் போகும்.
- இரகசிய இலக்கத்தை யாருக்கும், அனுப்பித் தருகிறேன் என்பவருக்கும், கொடுக்காதீர்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு இரகசிய இலக்கம் வைத்திருங்கள்.
- அடையாள அட்டைப் படத்தைக் கடைக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டு எழும்புங்கள்.
- வெற்றுப் படிவத்தில் ஒப்பமிட வேண்டாம்.
- திணைக்களத்திலிருந்து கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால், வரி இல்லையென்றாலும் பதில் கொடுங்கள். ஐயம் இருந்தால் 1944 க்கு அழைக்கலாம்.

சுவரில் எழுதிவைக்க வேண்டிய திகதிகள்

2025/26 வரியாண்டை உதாரணமாக எடுத்தால்:

1. ஆண்டு முடிவு: 2026 மார்ச் 31. ரி-10, வட்டிச் சான்றிதழ் இரண்டையும் ஏப்ரல், மே மாதங்களில் கேட்டு வாங்குங்கள்.
2. சம்பளத்துக்கு வெளியே வரிக்குரிய வருமானம் உள்ளவருக்குக் காலாண்டுத் தவணைகள்: 2025 ஓகஸ்ட் 15, நவம்பர் 15, 2026 பெப்ரவரி 15, மே 15.
3. மிச்ச வரி கட்டி முடிக்க: 2026 செப்ரெம்பர் 30.
4. விவரத்திரட்டு அனுப்ப: 2026 நவம்பர் 30. கடைசிக் கிழமையில் இணையத்தளம் நெருக்கடியாகும், கார்த்திகை மழையில் மின்சாரமும் நம்ப முடியாது. ஒக்ரோபரிலேயே இருவருடையதையும் அனுப்பி, வரும் ஒப்புகையை அச்செடுத்து அவரவர் பைலில் போட்டுவிடுங்கள்.